தலைகீழாக ஏறிய மிடில்செக்ஸ் கொடி

அனுப்புநர்:
ம. சந்தாம்பிள்ளை (வயது 74),
எட்மண்டன், வட லண்டன்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
கெஸ்ட்ரல் சமூக மண்டபம், எட்மண்டன்.

விடயம்: கொடியைத் தலைகீழாகக் கட்டியதற்காகத் தமிழ் எழுத்து வகுப்பிலிருந்து என்னையும் என் மனைவியையும் நிறுத்தியதை மீளாய்வு செய்யக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இது மூன்றாவது மனு. முதல் இரண்டையும் மகள் றொசானா ஆங்கிலத்தில் எழுதினார். கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. இதை நானே எழுதுகிறேன். நான்கு நாட்களாகின்றன. கை நோகிறது, ஆனாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது.

2. மே 16, மிடில்செக்ஸ் நாளுக்காகக் கொடியைக் கழுவித் தேய்த்தவர் என் மனைவி மெற்றில்டா. கட்டியவன் நான். சிவப்புத் துணியில் மூன்று வெள்ளைக் கத்திகள். மூன்றின் வெட்டு வாயும் மேலே பார்த்திருந்தது. எங்கள் வீட்டில் கத்தியை அப்படி வைப்பதில்லை. "வாய் கீழ பாக்கக் கட்டுங்கோ, நல்ல நாளில சண்டை வரும்" என்றார் மெற்றில்டா. மாற்றிக் கட்டினேன். கத்திகளுக்கு மேலே இருந்த கிரீடம் அடிக்குப் போய்விட்டது. அதை நாங்கள் பூ என்று நினைத்திருந்தோம். சண்டை வந்தது.

3. மிடில்செக்ஸ் கவுண்டியை, அதாவது இந்தப் பழைய மாவட்டத்தை, அவமதித்தோம் என்று ஒருவர் முறையிட்டார். நீங்கள் எங்களை நிறுத்திய கடிதம் தமிழ் மொழிபெயர்ப்புடன் வந்தது. வாழ்நாளில் நான் தனியாக வாசித்து முடித்த முதற் கடிதம் அதுதான். முடித்துவிட்டேன் என்று சந்தோசப்பட்ட பிறகே, அதில் என்ன இருந்தது என்பது உறைத்தது.

4. பழங்காலத்தில் இங்கே வாழ்ந்த சாக்சன் மக்களுக்கு அந்தப் பெயர் 'சாக்ஸ்' என்ற அவர்களது கத்தியால் வந்ததென்றும், நடுவே வாழ்ந்த சாக்சன்களின் பெயரே மிடில்செக்ஸ் என்றும் எங்கள் வகுப்பு ஆசிரியை கத்தரின் பின்னர் சொன்னார். எனக்கு உடனே விளங்கியது. எழுத்தறியாத காலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் புனிதர்களின் சிலைகளைக் கையிலிருப்பதைப் பார்த்தே அறிவேன். சாவி என்றால் இராயப்பர், வாள் என்றால் சின்னப்பர். அந்தக் கத்திகள் ஒரு பெயர் என்று முன்பே தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். ஒருவர் பெயரைத் தலைகீழாகத் தொங்கவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

5. யாராவது ஒருவரைத் தண்டிக்கத்தான் வேண்டுமென்றால், ஏணியில் ஏறியவன் நான். என்னை நிறுத்தியபடியே வையுங்கள். மெற்றில்டாவை வரும் வியாழன் வகுப்பில் அமரவிடுங்கள். அவர் இன்னும் உயிர்மெய் முடிக்கவில்லை. வீட்டில் நான் சொல்லிக் கொடுத்தால் படிக்க மாட்டார். பலமுறை முயன்று களைத்துவிட்டேன்.

தங்கள் முடிவை எதிர்பார்த்திருக்கும்,
ம. சந்தாம்பிள்ளை
(கையொப்பம்)

இடம்: எட்மண்டன்
திகதி: 10.07.2025