பல்வலி வந்த ராட்சசன்

ஜூன் 7, 1981. ஞாயிறு
காலையிலேயே மலைப்பக்கமிருந்து அனல். வடாம் காய்ந்துவிட்டது, எடுத்தாயிற்று.

வாசகர் வட்டத்தின் மாயாஜாலக் கதைப் போட்டிக்குப் பதினோரு கதைகள். நடுவர்கள் நானும் ரஹீம் பாயும். அவர் தேரடித் தெருவில் ஜவுளிக்கடை. வியாபாரம் இல்லாத நேரமெல்லாம் படிப்பு. கதைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்.

ஆறு கதையில் பறக்கும் குதிரை. மூன்றில் ஏழு கடல், ஏழு மலை. ஒன்றில் இளவரசன் நம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடிக்கிறான். சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்டுக்கு வந்த வாழ்வு, நடுவராம்!" என்றார்.

பிறகு ஏழாம் எண். ஏரியையே குடித்துவிட்ட ராட்சசன். தண்ணீரைக் கேட்கப் போகும் பெண். வாளெல்லாம் இல்லை, இடுப்பில் ஒரு குடம். ராட்சசன் அழுகிறான், பல்வலியாம். 'எங்க, காட்டு' என்கிறாள். வாயைத் திறக்கிறான்.

அவ்வளவுதான். அதற்கு மேல் காகிதம் இல்லை. உறையை உதறிப் பார்த்தேன்.

ஜூன் 9, செவ்வாய்
ஆபீஸ் விட்டு பாய் கடைக்கு. முதல் பரிசு ஏழுக்கு என்றேன்.

"முடிவே இல்லீங்களே, கஸ்தூரிம்மா. பாதித் துணிய அளந்து குடுத்துட்டு முழுப்புடவைன்னு சொல்ல முடியுமா?"

அவருக்கு இரண்டாம் எண். அதில் வீரன் ராட்சசனை இரண்டாம் பக்கத்திலேயே வெட்டிவிடுகிறான். பிழையே இல்லாத தமிழ். உயிரும் இல்லை என்றேன். பாய் முகம் சுருங்கிவிட்டது. வழக்கமாக வரவழைக்கும் டீ இன்று வரவில்லை.

மனசு சரியில்லை. ரசத்தில் உப்பு ஜாஸ்தி.

ஜூன் 10, புதன்
காலை ஏழு மணிக்கு வாசலில் பாய். சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை.

"ராத்திரி தூக்கம் வரல. வாயத் தொறந்தானே, அப்புறம் என்னம்மா ஆச்சு?"

எனக்குச் சிரிப்பு. அவருக்கும்.

மாலை நூலகரிடம் பெயரைக் கேட்டோம். மாலதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டால் 'லைன்ல இருங்க' என்பாளே, அந்தக் குரல். டூட்டி முடிந்து வரும்வரை வாசலில் நின்றோம்.

"கடைசி தேதியன்னிக்கி பொண்ணு பாக்க வந்துட்டாங்கக்கா. எழுதினவரைக்கும் மடிச்சுப் போட்டுட்டேன்."

"முடிவு என்ன?"

"எனக்கே தெரியலியே."

மாப்பிள்ளை வேலூராம். இந்த மாதக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் இவள் கதை எழுதுவது தெரியாது, பேரைப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். பாய் ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வந்து முடிவைச் சொன்னால் பரிசுக்குக் கணக்கு, இல்லையென்றால் இல்லை. அதுவும் மற்றவர்கள் ஒப்புக்கொண்டால்.

பார்க்கலாங்க்கா என்று கிளம்பிவிட்டாள்.

ஜூன் 12, வெள்ளி
மாலதியிடமிருந்து சேதி இல்லை. இவருக்குச் செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க.

ஜூன் 14, ஞாயிறு
நூலகத்தில் நாற்பது பேர் இருக்கும். மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது. கூட்டம் ஆரம்பித்த பிறகு, ஊதாப் புடவையில் வந்து என் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தாள் மாலதி. எனக்கு மூச்சு வந்தது.

எழுதினதை நான் வாசித்தேன். 'வாயைத் திறந்தான்' என்று நிறுத்தினேன். அவள் எழுந்தாள். லைனில் கேட்கிற அதே குரல்.

கடைவாய்ப் பல்லிடுக்கில் ஒரு படகு மாட்டிக்கொண்டிருக்கிறது. படகுக்காரன் அதிலேயே உட்கார்ந்திருக்கிறான். முதல் வாய்த் தண்ணீரிலேயே மாட்டியது; அந்த வலி தணியத்தான் ராட்சசன் மீதி ஏரியையும் குடித்தானாம். குடத்துப் பெண் கயிறு கட்டி இழுக்கிறாள். படகோடு பல்லும் வருகிறது, பின்னாலேயே ஏரியும் வருகிறது. படகுக்காரன் கேட்கிறான்: "கர எந்தப் பக்கம்?"

கூடமே சிரித்தது. கடைசி வரிசையில் ஓர் ஆண் குரல்: "அப்ப ராட்சசன் என்ன ஆனான்?"

"எங்க போவான்? ஏரிக்கரையிலதான் இருக்கான். பல்லு போயிடுச்சில்ல, இனிமே கஞ்சிதான்."

சொல்லிவிட்டுத்தான் கேட்டவரைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, அவருதான்" என்றாள் என் காதில். கல்யாணப் பத்திரிகை காட்ட வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை அவள் அம்மா இங்கே அனுப்பிவிட்டாராம்.

இரண்டாம் எண் எழுதியவர் போட்டோ ஸ்டுடியோ வரதன். அவரே எழுந்தார். "அவங்களுக்கே குடுங்க சார். நான்தான் அவசரப்பட்டு வெட்டிட்டேன்." பாய் பேரை உரக்கப் படித்தார். மாலதி தடுக்கவில்லை.

ஜூன் 15, திங்கள்
பிற்பகல் நல்ல மழை. ஜன்னலோர ஃபைல்கள் நனைந்து ஆபீசில் ரகளை.

ஐந்து மணிக்குப் பத்திரிகையோடு மாலதி வந்தாள். நேற்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவர் கதையைத் தவிர வேறு பேச்சே பேசவில்லையாம்.

"கோவமா?" என்றேன்.

"இல்லக்கா. அந்தப் படகுக்காரன் அத்தன நாளும் பல்லுக்குள்ள என்னத்த சாப்பிட்டான்னு கேட்டுகிட்டே வந்தார். யோசிக்கலன்னேன். கல்யாணத்துக்குள்ள யோசிச்சு வையின்னுட்டு பஸ் ஏறிட்டார்."