ஈரம் காணாத நார்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும், கண் விழித்ததும் முதலில் நினைப்பது அதைத்தான். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஃபோனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் உருகிப்போய் சரி வந்துவிடுகிறேன் என்று சொல்லித் தொலைப்பேன், அப்புறம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்போம். ஆகையால் முதலிலேயே எழுதிவிடுகிறேன், உன் பிரசவத்துக்கு என்னால் வர முடியாது. அப்பா வருகிறார். திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

ஆலையில் நான் எதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். மரக்கூழைக் கரைத்து, தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, கண்ணுக்கே தெரியாத துளைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி நாராக்குகிறோமே, அந்த நார் பார்க்க மினுமினுவென்று இருக்கும், இழுத்தால் பொசுக்கென்று அறுந்துவிடும். துணியில் பூவேலை செய்கிற இயந்திரங்களின் வேகத்துக்கு அது தாங்குவதே இல்லை. ஒரு முறை அந்தத் தையல் கூடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் அறுந்த நூலைக் கோத்துக் கோத்தே கண் சிவந்துபோயிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னிடமே, "இந்த நூலைச் செஞ்ச புண்ணியவதி யாருக்கா, ஒரு நாள் இங்க வந்து உக்காந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள். அந்தப் புண்ணியவதி நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் இது. தொட்டியில் அமிலத்தைக் குறைத்து, துத்தநாக உப்பைக் கூட்டி, நார் அவசரப்பட்டு இறுகாமல் நிதானமாக இறுக விட்டு, அது இளசாக இருக்கும்போதே அடுத்த தொட்டியில் வெந்நீரில் போட்டு இழுத்தால், உள்ளே தாறுமாறாகக் கிடக்கும் நுண்ணிழைகளெல்லாம் ஒரே திசையில் படுக்கும், நாருக்குப் பலம் ஏறும். சொல்வதற்குச் சுலபம். இம்மி கூடுதலாக இழுத்தால் அறுந்து உருளையில் சுற்றிக்கொள்ளும், குறைத்தால் பழைய நோஞ்சான் நார்தான் கிடைக்கும். நானும் என்னோடு வேலை பார்க்கும் அந்தச் சின்னப் பெண்ணும் தொட்டிப் பக்கத்தில் நின்று நின்று எங்கள் தலைமுடிகூட அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது.

போன மாதம் சோதனை அறையிலிருந்து சேதி வந்தது, நார் நாங்கள் எதிர்பார்த்ததைவிடவே பலமாக இருக்கிறதாம். உன் வாயால் மினுக்கர் என்று பட்டப்பெயர் வாங்கினாரே, அதே மேலாளர்தான், தலைகால் புரியாமல் குதித்தார். எல்லாருக்கும் கேக் வெட்டினார், பூவேலை நூல் வாங்கும் கம்பெனிக்கு அன்றைக்கே தம்பட்டம் அடித்தார். நானும் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன், பொய் சொல்வானேன். உனக்கு ஃபோன் செய்து விடுப்பு கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று என்று கத்தினேனே, அது அந்த சந்தோஷத்தில்தான். அப்புறம் ஒரு நாள் சும்மா ஒப்பிட்டுப் பார்ப்போமே என்று எங்கள் பழைய நாரையும் அதே அறையில் கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். அந்த நோஞ்சானும் பலசாலி ஆகியிருந்தது! அப்படியென்றால் கோளாறு சோதனையில்தான். நேரே அந்த அறைக்குப் போய்ப் பார்த்தேன். நாரை இழுத்துப் பலம் பார்க்கிற புதுக் கருவி மேல், அறையில் ஈரப்பதத்தை ஒரே அளவில் வைக்கிற இயந்திரத்தின் தண்ணீர் சொட்டுகிறது என்று மினுக்கர் கொசுவலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டச் சொல்லியிருக்கிறார். கருவியும் நார் வைக்கும் அலமாரியும் திரைக்கு உள்ளே, ஏசி காற்றும் உள்ளே. ஈரம் போடும் இயந்திரமும் ஈரத்தைக் காட்டும் முள்ளும் திரைக்கு வெளியே. முள் ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டிருந்தது, நார்தான் ஈரத்தையே காணாமல் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. நம் நார் காய்ந்தால் பலசாலி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும், கொஞ்சம் ஈரம் பட்டால் அந்தப் பலம் இறங்கிவிடும், இது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். திரையைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி சோதித்தேன். பலம் கூடியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவர் ஊரைக் கூட்டிச் சொன்னதில் பாதிகூட இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க லீவுல கிளம்பப் போறீங்க, போய் பேரப்புள்ளையக் கொஞ்சிட்டு வாங்க, வந்து பாத்துக்கலாம். நூல் அறுந்தா யாரும் சாகப்போறதில்ல" என்றார். நான் திரும்பி வருவதற்குள் கிடங்கு நிறைய அந்த நாரை ஓட்டி அனுப்பிவிடுவார்கள். கரடியாகக் கத்திப் பார்த்தேன், அவர் காதில் ஏறவில்லை. அடுத்த வாரம் வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்றேன், சத்தியமாக வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன், மனசு முழுக்க உன் வீட்டு வாசலில் நிற்பது போலவே இருந்தது. அவர்களில் வயதானவர் என்னைப் பார்த்து, "இதே பலம் எப்பவும் வருமாம்மா?" என்று கேட்டார். வராது என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை, எங்கள் கண் முன்னால் மறுபடி ஓட்டிக் காட்டுங்கள், அதில் பலம் தேறினால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம் என்றார்கள். அவர்கள் குறித்த வாரம் உன் டாக்டர் குறித்த வாரம்தான். மினுக்கர், "நீங்கதானே சொன்னீங்க, நீங்களே நின்னு பண்ணுங்க" என்று விடுப்பை ரத்து செய்துவிட்டார். அந்தத் தொட்டியை ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் அந்தச் சின்னப் பெண், அவள் பிரசவ விடுப்பில் இருக்கிறாள். அவளுடைய அம்மா வந்து இறங்கிவிட்டாளாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்றே தெரியவில்லை. வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்துவிடலாம் என்றுகூடப் பையை எடுத்து வைத்தேன். எறிந்தால் அந்தத் தொட்டியை மூடிவிடுவார்கள், பழைய நாரே போகும், அந்தப் பெண்கள் ஊசி கோத்துக்கொண்டே இருப்பார்கள். பையைப் பிரித்துவிட்டேன். ஒரு திரையைக் கட்டிய மனுஷர் நிம்மதியாகத் தூங்குகிறார், அதைக் கழற்றிய நான் தண்டனை அனுபவிக்கிறேன், இது எந்த ஊர் நியாயம் சொல்!

அப்பாவிடம் சொன்னதும் எழுந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார். அப்புறம், "அப்ப நான் முட்டை வேக வைக்கக் கத்துக்கணுமா" என்று கேட்டார். கற்றுக்கொண்டிருக்கிறார், இரண்டு பாத்திரம் கருகிவிட்டன. அவரை அடுப்புப் பக்கம் தனியாக விடாதே, மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல். துணி துவைப்பது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது, இதற்கெல்லாம் அவர் லாயக்குதான். நான் வாங்கி வைத்த மெத்தென்ற துண்டுகளும் குட்டிச் சட்டைகளும் அவர் பெட்டியில் இருக்கின்றன, புதுத் துணியை அப்படியே போடாமல் ஒரு முறை அலசிவிட்டுப் போடு. நீ மாடிப்படியில் தடதடவென்று இறங்காதே. வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே இருக்காதே, எதற்கெடுத்தாலும் தாங்கிக்கொள்கிற புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான், இந்த ஒரு விஷயத்தில் அது வேண்டாம்.

நான் செய்தது சரி என்று நீ சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. நீ என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாய், நான் வரவில்லை, உன் கணக்கில் அவ்வளவுதான், எனக்குப் புரிகிறது. கோபம் தீருகிறவரை என்னோடு பேச வேண்டாம். நீயும் குட்டியும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. தொட்டிப் பக்கம் ஃபோனைக் கொண்டுபோக விட மாட்டார்கள், அதனால் என் ஃபோனை வாசல் காவலரிடம் கொடுத்து, மணி அடித்தால் ஓடி வந்து கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். குழந்தை பிறந்ததும் அப்பாவை ஃபோன் போடச் சொல்லி அதை அழும் குழந்தையின் பக்கத்தில் வைக்கச் சொல். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

வர முடியாத,
உன் அம்மா