இடது கால் செருப்பு

அன்புள்ள மாமா,

நீங்களும் நம் பிள்ளை ஆதவனும் சுகமா? அவனுக்குச் சளி விட்டதா? நான் நலம்.

ஞாயிறன்று மட்டாஞ்சேரியில் ஒரு பிரெஞ்சுப் படம் இலவசமாகப் போட்டார்கள். லீவு தராத முதலாளியைப் பழிவாங்க, ஓட்டல் வேலைக்காரர்கள் அவருடைய இடது கால் ஷூக்களை மட்டும் ஒளித்துவிடுகிறார்கள். மந்திரி விருந்துக்கு மனுஷன் இரண்டு வலது ஷூவோடு வந்தார்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மறுநாள் எங்கள் ஏலக்காய்க் கிடங்கு வாசலில் மேனேஜர் கழற்றிவிட்ட செருப்பில் இடதைக் காணோம். ஆதவன் பிறந்தநாளுக்கு எனக்கு லீவு கிடையாது என்றவர் அவர்தான். பயப்படாதீர்கள், எடுத்தது நானில்லை, கூட வேலை செய்யும் ஷபானாதான். அவர் நொண்டிக்கொண்டே வந்து, "பொன்மணி, ஆ சினிமா ஞானும் கண்டு, கேட்டோ!" என்றார். அந்தப் படத்தை அவரும் பார்த்திருக்கிறார்! எனக்கு உயிரே போய்விட்டது. ஷபானாவோ, "அப்ப தெரியுமே சேட்டா, லீவு வந்தா செருப்பும் வரும்" என்றாள். சிரித்துவிட்டார். மூன்று நாள் தந்திருக்கிறார்.

போனில் பார்க்கும் முகத்தை நேரில் கண்டு ஆதவன் அழுவானோ என்றுதான் கவலை.

அவனுக்குச் செருப்பு வாங்கணும். காகிதத்தில் காலை வைத்து அளவு வரைந்து அனுப்புங்கள். கடைக்காரருக்கு ஒரு கால் போதும். எனக்கு இரண்டும் வேண்டும்.

அவசரத்தில்,
உங்கள் பொன்மணி