சனிக்கிழமை ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட்

ஆல்டர் க்ரோவ், அயோவா
ஏப்ரல் 6, 1958

டெல்மருக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் அதை எழுதிச் சொல்கிற ஆள் இல்லை நீ. பத்து வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்துவிடாதே. எல்லோரும் இருக்கிறோம். உன் வீட்டு முகவரி தெரியாததால் மைதானத்து ஆபீசுக்கே அனுப்புகிறேன். அங்கே உன் மேஜை எது என்று தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள் இல்லையா?

ஜூலையில் எனக்குக் கல்யாணம். எல்டன் வோஸ் என்பவர். நீ போன பிறகு எங்கள் ஊருக்கு வந்த தபால்காரர், மனைவியை இழந்தவர். ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக் கேட்டே ஐம்பது வயதாகிவிட்டது அவருக்கு. பெரிய லீக் ஆட்டம் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. செயின்ட் லூயிஸ் அணி என்றால் உயிர். ஜூன் 21, சனிக்கிழமை அவர்கள் உங்கள் மைதானத்தில் ஆடுகிறார்களாம். கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும், எத்தனை மணிக்கு வரவேண்டும், ஒன்றும் எனக்குத் தெரியாது.

உன்னைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. எல்டனிடமே சொன்னேன். "அவரு அங்கதான வேலை பாக்கறாரு? அவரக் கேக்காம வேற யாரக் கேப்பீங்க?" என்றார்.

ஆர்டித்


சிகாகோ
ஏப்ரல் 14, 1958

அன்புள்ள ஆர்டித்துக்கு,

உன் கடிதம் நாலு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. வாழ்த்துகள். தபால்காரரைக் கட்டிக்கொள், மனைவியை இழந்தவரைக் கட்டிக்கொள், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் எங்கள் அணியின் பரம எதிரி, செயின்ட் லூயிஸ் ரசிகனையா? அயோவாவில் அப்படி ஒரு ஆண் பஞ்சமா?

சரி, கேட்டுக்கொள். மூன்றாம் பேஸ் பக்கம், மேல்தளத்தின் நிழல் விழுகிற வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன். கல்யாணப் பரிசாக வைத்துக்கொள். ஆட்டம் ஒன்றரைக்கு. ஆனால் பதினொன்றரைக்கே வந்துவிடுங்கள். வெளியே டிக்கெட் கிழிக்கிற இடம், கடுகு வாசனை, நெரிசல் எல்லாம் தாண்டி, இருட்டாக ஒரு நடை வரும். அதன் முடிவில் பத்துப் பன்னிரண்டு படி. மெதுவாக ஏறு. ஏறி முடித்ததும் பச்சை. நான் சொல்வது புல்லின் பச்சை மட்டும் இல்லை. அந்த இடத்துக் காற்றே பச்சையாக இருக்கும். தூரத்துச் சுவர் முழுக்கக் கொடி படர்ந்து, ஏரிக் காற்றில் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். யாரும் ஓடமாட்டார்கள், யாரும் கத்தமாட்டார்கள். ஒரு ஆள் மட்டும் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கத்தான் சீக்கிரம் வரச் சொல்கிறேன். ஆட்டத்தை எவன் வேண்டுமானாலும் பார்ப்பான்.

கம்பளிச் சட்டை ஒன்று கொண்டுவா. ஏரிக் காற்று ஜூனிலும் கடிக்கும்.

ஆபீஸ் பக்கம் வர வேண்டாம். அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் வேலை.

டெல்மர்


ஆல்டர் க்ரோவ்
ஏப்ரல் 23, 1958

டெல்மருக்கு,

டிக்கெட் வந்தது. எல்டன்தான் கொண்டுவந்து கொடுத்தார். என்ன உறை என்று தெரிந்தும், எல்லா வீட்டுத் தபாலையும் போலவே தொப்பியைத் தொட்டு நீட்டினார். உள்ளே கூப்பிட்டுப் பிரித்துக் காட்டினேன். இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூணாம் பேஸ் பக்கமா? மனுஷன் நல்ல இடமா பாத்துத்தான் எடுத்திருக்காரு" என்றார்.

வெள்ளி மாலை ரயிலில் வந்து அவருடைய தங்கை வீட்டில் தங்குகிறோம். வறுத்த கோழியும் ஊறுகாய் வெள்ளரியும் கட்டிக்கொண்டு வரலாம் என்று நான். அங்கே விற்கிற ஹாட் டாக்தான் தின்பேன் என்று அவர். தினம் ஒரு முறை இந்தச் சண்டை நடக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் என்னவோ ஆகிவிட்டது. துணி உலர்த்தும்போது, பாத்திரம் கழுவும்போது அந்தப் படிகளில் ஏறிக்கொண்டே இருக்கிறேன். கடைசிப் படி மட்டும் வருவதில்லை.

ஒன்று கேட்கட்டுமா? சண்டைக்கு இல்லை. நீ சிகாகோவுக்குப் போன பிறகு மூன்று கோடையிலும் என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னாய். "என் மேஜைக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மைதானம்" என்று எழுதினாய். மூன்றாவது கோடையில் பெட்டி கட்டி, தொப்பி வைத்து, ரயிலடிக்கே போய்விட்டேன். அங்கே உன் தந்தி: வர வேண்டாம், கடிதம் பின்னால். கடிதம் வரவே இல்லை. வேறு ஒருத்தி என்றுதான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் பேசியது. அவள் யார் என்று இப்போது தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

ஆபீசுக்கு வருவேன். உன் கையைக் குலுக்க வேண்டும் என்கிறார் எல்டன்.

ஆர்டித்


சிகாகோ
மே 2, 1958

ஆர்டித்,

ஒருத்தியும் இல்லை. மேஜையும் இல்லை.

ஸ்கோர் பலகை ஒன்று இருக்கிறது, நடுமைதானத்துக்குப் பின்னால், எல்லாக் கூட்டத்துக்கும் மேலே. அதற்குள் இருக்கிறேன். ஏணியில் ஏறி, பலகையின் அடியில் இருக்கும் கதவைத் தலையால் முட்டித் திறந்து உள்ளே போக வேண்டும். மூன்று தளம், முழுக்க இரும்பு. வெயிலில் அடுப்புபோல் காயும். ஒரு அணி ரன் எடுத்தால், எண் எழுதின தகட்டைத் தூக்கிச் சதுர ஓட்டையில் மாட்டுவேன். நான் எழுதின ஜன்னல் அந்த ஓட்டைதான். கூட ஸ்டாஷ் என்று ஒருவன். மூத்திரம் பெய்ய இறங்க முடியாது, அதற்கு ஒரு வாளி. போதுமா?

ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று சொல்லித்தான் ஊரை விட்டு வந்தேன். கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று உனக்கு எழுதிவிட்டேன். அடுத்த மாதம் மெய்யாகிவிடும் என்று நினைத்தேன். நீ பெட்டி கட்டிய வாரம், ஒரு மணி நேரத்துக்கு மேஜை ஒன்றை இரவல் கேட்டு ஆபீசில் அலைந்தேன். சிரித்தார்கள். அதனால் அந்தத் தந்தி. கடிதமும் எழுதினேன், பதினோரு தடவை. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். பனிக்காலத்தில் உன் வக்கீலின் விவாகரத்துக் காகிதம் வந்தது. கையெழுத்துப் போடுவது சுலபமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் இந்த உலகத்தில் என்னைவிட நல்ல இடம் யாருக்கும் இல்லை. மேகத்தின் நிழல் வலதுபக்கம் ஏறி இடதுபக்கம் இறங்கும். முப்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடிப்பது கேட்கும். வெட்கப்பட்டுக்கொண்டே பன்னிரண்டு வருஷம் ஆனந்தமாக இருந்துவிட்டேன்.

டெல்மர்


ஆல்டர் க்ரோவ்
மே 12, 1958

டெல்மர்,

ஒரு தகரப் பெட்டியா! பத்து வருஷமாக ஒரு பெண்ணைக் கற்பனை செய்து, அவளுக்குச் செம்பட்டை முடியும் பச்சைக் காதணியும் போட்டு, சர்ச்சில்கூட அவளைச் சபித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வாளியும் ஸ்டாஷுமாக இருந்திருக்கிறாள். முதலில் சிரித்தேன். பிறகு மாவு பிசைந்த கையோடு உட்கார்ந்து அழுதேன். முட்டாளே, அந்த ஏணியில் நானும் ஏறியிருப்பேன். அந்த வாளியை நானே கழுவிக் கொடுத்திருப்பேன்.

அதன் பிறகு கல்யாணத் துணியைக் கையில் எடுக்க முடியவில்லை. அதையும் மறைக்காமல் எல்டனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கி ஆட்டம் முடிஞ்சதும் நீங்க போய்ப் பேசுங்க. நான் ஒதுங்கி நிக்கறேன்."

"பேசிட்டு நான் திரும்பி வரலேன்னா?"

"ரயிலு ஆறே முக்காலுக்கு. அது வரைக்கும் நிப்பேன். அப்புறம் என்ன, ஹாட் டாக் தின்னுக்கிட்டே ஊரு போய்ச் சேருவேன்."

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்? ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் உன் பலகைக்குக் கீழே வந்து நிற்பேன். இறங்கி வா. வந்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் இந்தத் தடவை தந்தி அடிக்காதே.

ஆர்டித்


ஆல்டர் க்ரோவ்
ஜூன் 24, 1958

டெல்மருக்கு,

நீ சொன்னபடி பதினொன்றரைக்கே வந்தோம். மெதுவாகத்தான் ஏறினேன். கடைசிப் படியில் எல்டன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்றார், அவ்வளவுதான். நெடுநேரம் இரண்டு பேரும் உட்காரவே இல்லை. பின்னால் இருந்தவர் "படமா எடுக்கறீங்க? உக்காருங்கம்மா" என்று சத்தம் போட்ட பிறகுதான் உட்கார்ந்தோம். ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸில் கை ஒன்று வெளியே நீண்டு ஒரு எண்ணை மாட்டியது. பிறகு கூட்டம் முழுக்க விசில் அடித்தது. எல்டன் வயிறு குலுங்கச் சிரித்தார். "ரெண்டு ரன்னுக்கு மூணு போட்டுட்டாரு. எங்க ஆளுங்களுக்கு ஒண்ணு தானமா!" கை மறுபடி வந்து மாற்றியது.

ஆட்டம் முடிந்து கீழே வந்து நின்றேன். வேர்க்கடலைத் தோலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரை வந்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றிருப்பேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. காற்று நன்றாக இருந்தது. நீ அங்கே, அத்தனை பக்கத்தில், இரும்புக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறாய் என்பதே போதும் என்று தோன்றியது. அது பதில்தான் என்றும் தோன்றியது.

ஜூலை 12 கல்யாணம். துணி தைத்து முடித்துவிட்டேன்.

ஆர்டித்


சிகாகோ
ஜூன் 30, 1958

அன்புள்ள ஆர்டித்துக்கு,

நான் இறங்கத்தான் செய்தேன். ஸ்டாஷ் என் காலரை இழுத்துச் சரிசெய்து, "போடா, போய்ப் பேசு. கடிச்சா திங்கப்போறா?" என்று தள்ளிவிட்டான். ஏழு படி இறங்கினேன். இடுக்கு வழியாக நீ தெரிந்தாய். நரைத்திருக்கிறாய். அழகாக இருக்கிறாய்.

எட்டாவது படியில் கால் வைக்கும்போது அவர் வந்தார். உனக்குக் குளிரும் என்று கம்பளிச் சட்டையை எடுத்துவந்தார். நீ போட்டுக்கொள்ளும் வரை உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரைப் பார்க்கிறாய், வந்தானா இல்லையா, எதுவும் கேட்கவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தூரத்து வாசலுக்கே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு இடம் விட்டு நின்றார், ஆர்டித். அப்படி ஒருவர் எனக்காகவும் ஒதுங்கி நிற்கும்போது அந்த இடத்தில் வந்து நிற்க என்னால் முடியவில்லை.

எல்லாம் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. பாதி அது. மீதிப் பாதி பழைய பயம்தான். இனி உன்னிடம் பொய் எழுதப் போவதில்லை.

நீங்கள் போன பிறகு தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்றி முடித்ததும் பலகை முழுக்க ஓட்டை, எல்லா ஓட்டையிலும் சதுரம் சதுரமாக மாலை வெயில். ஸ்டாஷின் பைனாகுலரை வாங்கி, நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடினேன். ஆட்டம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆள் எழுந்துபோனதும் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா நாற்காலியும் ஒன்றுபோல் இருந்தன. கீழே புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறங்கி வீட்டுக்குப் போனேன்.

டெல்மர்