முப்பத்தொரு பெஞ்சுகளும் என் மனைவியின் முட்டியும்

அனுப்புநர்:
தையல்காரர் (ஊரார் வழக்கில் ‘இஞ்சு டேப்பு’),
கடைவீதியின் கடைசிக் கடை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தெருவோரப் பெஞ்சுகளை அகற்றும் உத்தரவை நிறுத்தி, அவை இருந்த இடத்திலேயே இருக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற திங்கட்கிழமை என் கடைச் சுவரில் ஒட்டப்பட்ட தங்கள் நோட்டீஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொது இடத்தில் அனுமதியின்றிப் பெஞ்சுகள் போட்டிருப்பதாகவும், உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் அவற்றை எடுத்துவிட வேண்டும் என்றும் தங்கள் நோட்டீஸ் கூறுகிறது. பெஞ்சுகளில் பெயர் எதுவும் இல்லாததால், தங்கள் ஊழியர் பக்கத்தில் இருந்த என் கடைச் சுவரில் அதை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். முப்பது வருடமாகச் சட்டைக்குப் பொத்தான் தைப்பவன், ஒரே நாளில் முப்பத்தொரு பெஞ்சுகளுக்குச் சொந்தக்காரன் ஆனேன். சந்தோஷம்தான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுவது முறை.

1. இவற்றைச் செய்தவர்கள் ஊர்க்கோடியில் இரும்பு நாற்காலி, பெஞ்சு செய்யும் பட்டறை நடத்தும் கணவன் மனைவி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தகரக் கொட்டகையில், அவர் குழாய் வளைக்க, அந்த அம்மா வெல்டிங் வைக்க ஆரம்பித்த தொழில். இன்று அறுபது பேருக்கு அங்கே வேலை, பாதிப் பேர் பெண்கள். என் இளைய மகளும் அவர்களில் ஒருத்தி. அவளும் என்னைப் போலத் தையல்காரிதான், தைப்பது மட்டும் இரும்பு. என் தையலாவது எப்போதாவது பிரியும்.

2. அவர்களுக்கு ஒரு பழக்கம். எந்தப் புது மாடலையும் ஒரு வருடம் தெருவில் போட்டுப் பார்க்காமல் விற்க மாட்டார்கள். வெயில், மழை, எங்கள் ஊர்க்காரர்கள் ஆகிய மூன்றையும் தாங்கினால்தான் அது விற்பனைக்குப் போகும். தேறிய பெஞ்சைத் திரும்ப எடுப்பதும் இல்லை. ஞாயிறுதோறும் காலையில் இருவரும் ஸ்பேனரோடு வருவார்கள். இந்த முனையில் அவர், அந்த முனையில் அம்மா, உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை கறிக்கடை வாசலில் பெஞ்சின் கால் ஒடிந்து அவர் மல்லாந்து விழுந்தார். அம்மா சிரித்து முடித்த பிறகுதான் தூக்கிவிட்டார். அடுத்த வாரமே அந்த மாடலுக்கு நடுவில் ஒரு கால் கூடியது.

3. என் மனைவிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன், மருத்துவமனை வாசலில் புதிதாகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க முடியாமல் அரை மணி நேரம் அங்கேயே இருந்தாள். கேள்விப்பட்டு அந்த அம்மா ஓடி வந்தார். என் டேப்பை வாங்கி அளந்தார். பெஞ்சு பதினைந்து அங்குலம், முட்டி பதினெட்டு. அன்று முதல் அந்தப் பட்டறைப் பெஞ்சு எந்த ஊருக்குப் போனாலும் உயரம் பதினெட்டு அங்குலம்தான். “உங்க முட்டிதான்க்கா எங்களுக்கு அளவு” என்று அம்மா சொன்னதிலிருந்து என் மனைவியை வீட்டில் பிடிக்க முடியவில்லை.

4. தங்கள் நோட்டீஸை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சண்டைக்குப் போவார்கள் என்று நினைத்தேன். “அனுமதி வாங்கலைங்கறது நிஜம்தானே” என்றார் அவர். ஊருக்குக் கொடுத்தது என்று ஒரு கடிதம் எழுதுங்கள் என்றேன். “சோதிச்சுப் பாக்க வெச்சதை, குடுத்தோம்னு எப்படிண்ணே சொல்றது?” என்றார் அம்மா. எல்லாவற்றையும் சோதித்தவர்கள், அனுமதி என்று ஒன்று இருப்பதை மட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். நகராட்சி நோட்டீஸுக்கு இந்த ஊரில் பயப்படுகிறவர்கள் இவர்கள் இருவர் மட்டும்தான். புதன்கிழமையே வந்து இரண்டைக் கழற்றிவிட்டார்கள். மீதியை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுவார்களாம்.

5. கழற்றியதில் ஒன்று பள்ளிக்கூட முனைப் பெஞ்சு. எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை நான்கு பெஞ்சு தூரம். அது மூன்றாவது. நேற்று என் மனைவி இரண்டாவது பெஞ்சு வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆகவே, சொந்தக்காரன் என்று தாங்களே என் சுவரில் ஒட்டிவிட்டபடியால், அந்தத் தகுதியிலேயே கேட்கிறேன். மீதி இருபத்தொன்பதுக்கும் அனுமதி வழங்கி, கழற்றிய இரண்டையும் பழைய இடத்தில் போடும்படி அவர்களுக்கு ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டுகிறேன். அந்த ஒரு வரிக்கும் அவர்கள் இதே அளவு பயப்படுவார்கள்.

இந்த மனுவைத் தபாலில் அனுப்பவில்லை. தங்கள் அலுவலகம் ஐந்து பெஞ்சு தூரம். ஐந்தும் இன்னும் இருக்கின்றன. இருக்கும்போதே போய்விட்டு வருகிறேன் என்று என் மனைவியே இதை வாங்கிக்கொண்டு கிளம்புகிறாள். வந்து சேரத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளவும். வந்ததும் அவள் உட்கார ஒரு நாற்காலி தரவும். பதினெட்டு அங்குலம்.

நாள்: வெள்ளி, காலை ஒன்பது மணி
இடம்: கடைவீதி

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையல்காரர்