இரண்டாவது சாவி

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் இப்போது ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று உங்கள் இல்லத்தில் கவுன்சலிங் கொடுக்கும் அக்கா போனில் சொன்னார். கடிதத்தில் சுண்டெலி என்று கூப்பிடலாமா என்று கேட்டேன். "அதை அவகிட்டதான் கேக்கணும்" என்றார். பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டு வேறு எழுதிக்கொள்.

அம்மாவின் விரல் ஆறிவிட்டது. புது நகம் பாதி வளர்ந்துவிட்டது. ஆபீஸில் பழையபடி டைப் அடிக்கிறாள். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நீ விசாரித்தாயாமே, அதனால்தான். அதைச் சொன்னதும் உன் அம்மா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணில் சோப்பு பட்டுவிட்டதாம். நானும் நம்பிய மாதிரி இருந்துவிட்டேன்.

நம் சாவிக் கடையில் வேலைக்குக் குறைவில்லை. மாடி வீட்டுப் பல் டாக்டர் இந்த மாதம் மூன்றாவது தடவையாகச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். "இது எப்படிங்க நடக்குது?" என்று என்னையே கேட்கிறார். எனக்கென்ன தெரியும்?

சரி, சுற்றி வளைத்தது போதும். நடந்ததை மழுப்பாமல் எழுதச் சொல்லியிருக்கிறார் அக்கா.

உன்னைத் தத்தெடுத்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது உனக்கு ஆறு வயது. முதல் வாரம், கடைக்கு வந்தவர்களில் ஒருவரையும் விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் உங்க வீட்டுக்கு வரட்டா?" என்று கேட்டாய். எங்கள் கை பட்டால் மட்டும் விறைத்துப்போவாய். தலையணை உறைக்குள் ரொட்டி, ஷூவுக்குள் பிஸ்கட். எறும்பு மொய்த்த அன்று அம்மா பொறுத்துக்கொண்டாள், நான்தான் காட்டுக் கத்தல் கத்தினேன். பிறகு எனக்கே வெட்கமாகி, உனக்கென்று ஒரு குட்டி அலமாரி வாங்கி, நானே பூட்டுப் பொருத்தினேன். "சாவி ஒண்ணே ஒண்ணுதான். அது உன்கிட்டதான் இருக்கும்" என்றேன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் நாலு வருஷமும் குளித்தாய், தூங்கினாய். ரோட்டைக் கடக்கும்போது என் சட்டை நுனியைப் பிடிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

நான் சொன்னது பொய். எங்கள் தொழிலில் ஒரு பூட்டுக்கு ஒற்றைச் சாவி வெட்டும் வழக்கம் இல்லை. கை தன்பாட்டுக்கு இரண்டாவதையும் வெட்டிவிடும். வெட்டி, உன் பெயரில் சீட்டுக் கட்டி, கடைப் பலகையில் கடைசி ஆணியில் மாட்டினேன். ஒரு நாள்கூட அதை எடுத்து உன் அலமாரியைத் திறக்கவில்லை. ஆனால் அது உனக்கு எப்படித் தெரியும்? பலகையைத் துடைக்க ஸ்டூலில் ஏறிய நீ, அந்தச் சீட்டில் உன் பெயரைப் பார்த்தாய்.

அன்று சாயங்காலம் நீ கதவை அறைந்து சாத்தினாய். குறுக்கே அம்மாவின் கை இருந்தது. அதற்குப் பிறகு ஒரே மாதத்தில் மூன்று தடவை ஓடிப்போய், முன்பின் தெரியாதவர்கள் காரில் ஏறினாய். மூன்றாவது தடவை நீ கிடைத்தபோது நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் அங்கே கொண்டுபோய் விட்டோம். வேண்டாம் என்று விடவில்லை.

விரல் நசுங்கியதில் உனக்குப் பங்கு இல்லை என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் என் தப்புதான் முதலில் வந்தது. அந்தச் சாவியை இரண்டாக அறுத்துப் போட்டுவிட்டேன். இதையும் நம்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு மணிக்கு ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறார். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, கண்ணு. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சந்திப்பு நாளுக்கு வர மாட்டேன் என்று நாலு சனிக்கிழமை சொல்லிவிட்டாய். அந்த நாலு சனிக்கிழமையும் நாங்கள் வந்தோம். கீழே பார்வையாளர் அறையில் பத்து மணியிலிருந்து மூடும்வரை உட்கார்ந்திருந்தோம். உன்னிடம் சொன்னால் உன்னைக் கட்டாயப்படுத்தின மாதிரி ஆகிவிடும் என்று அக்கா தடுத்திருந்தார். போன வாரம் நீ அவரிடம், "அவங்க வேற பொண்ணு எடுத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாயாம். அதன் பிறகுதான், "இப்போ எழுதுங்க" என்றார்.

இல்லை. எடுக்கவில்லை. எடுக்கப் போவதும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் பயமில்லாமல் இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. வருகிற சனிக்கிழமையும் வருவோம். நீ பேச வேண்டாம், பக்கத்தில்கூட வர வேண்டாம். மாடிப்படியில் பாதி இறங்கி நின்று, நாங்கள் இரண்டே பேர்தான் உட்கார்ந்திருக்கிறோமா என்று மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போ.

காத்திருக்கும்,
அப்பா