பிளாஸ்டரில் ஒரு ஜோடி பூட்ஸ்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று பல் கட்டும் லேபில் மூன்று முழுப் பல் செட், ஒரு முன்பல். முன்பல்காரருக்கு நிறம் பிடிக்கவில்லை என்று மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. அந்த மனிதர் சிரிக்கவே மாட்டார் என்கிறார் டாக்டர். அப்புறம் எந்த நிறமாக இருந்தால் என்ன?

மத்தியானம் வேலை மேசையைத் துடைத்துவிட்டு மழைக்காட்டு வரைபடத்தை விரித்தேன். நான்கு வருடங்களுக்குப் பிறகு. மடிப்புகளில் பழைய சேறு அப்படியே இருக்கிறது. முதல் நாள் வனத்துறை வாசலிலிருந்து மேட்டு முகாம். இரண்டாம் நாள் ஓடையைத் தாண்டி அருவிக்குக் கீழே. மூன்றாம் நாள் அதே வழியில் திரும்புதல். உள்ளே ஃபோன் எடுக்காது, பாதையும் பாதி இடங்களில் பேருக்குத்தான் பாதை.

லேப் ஓனர் எட்டிப் பார்த்து, "தனியாவா போறீங்க?" என்றார்.

"கூட்டத்தோட போனா அது காடு இல்ல சார், சந்தை."

ஐம்பத்தோரு வயதில் வாய் மட்டும் குறையவில்லை.

பிப்ரவரி 7, சனி

சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, ஓட்ஸ், பேரீச்சை, அட்டைப்பூச்சிக்கு உப்பு. மொத்தம் பன்னிரண்டரை கிலோ. இரண்டாவது சட்டையை எடுத்து வெளியே வைத்தேன். நாறினால் காடு முகம் சுளிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 11, புதன்

அனுமதிப் படிவத்தில் முன்பு இல்லாத ஒரு கட்டம் வந்திருக்கிறது. 'குறித்த நேரத்தில் நீங்கள் திரும்பாவிட்டால் எங்களுக்குத் தகவல் சொல்பவர்.' பெயர், உறவு, ஃபோன். தனியாகப் போகிறவர்கள் கட்டாயம் நிரப்ப வேண்டும். அவர்களே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்பார்களாம்.

ஓனர் நான் போகிற வாரம் மகள் வீட்டில் இருப்பார். மாடி வீட்டம்மாவிடம் கேட்டேன். "எனக்கெதுக்குங்க அந்தப் பொறுப்பெல்லாம்" என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஃபோனில் உள்ள பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். டாக்டர்கள், கூரியர், காஸ், பிளம்பர். இவ்வளவுதானா நான்?

பிப்ரவரி 12, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் அடங்கும்.

அம்மா போன அன்று நான் இதே காட்டில் இருந்தேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, 'வெளியூர்' என்று மட்டும். எனக்காக இரண்டு நாள் காத்திருந்தார்கள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்று, "லேட்டாயிடுச்சுக்கா" என்றேன், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டது மாதிரி. எல்லார் முன்னாலும் அக்கா கேட்டாள்: "உன்னை எங்கேன்னுடி தேடுறது?"

பதில் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. காட்டுக்கும் போகவில்லை.

இன்று அந்தக் கட்டத்தில் அக்காவின் எண்ணை எழுதி அனுப்பிவிட்டேன். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான். அவளைக் கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருக்கு எனக்கு? முடியாதுன்னு சொல்லட்டும். சொல்லிட்டா அனுமதி கிடைக்காது, அதோட விட்டது. வரைபடத்த மடிச்சு உள்ள வெச்சுடறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பல் அச்சுக்குக் கலக்கிய பிளாஸ்டர் மணிக்கட்டு வரை. ஃபோன் அடித்தது. திரையில் அக்காவின் எண்.

"எத்தனை மணிக்குத் திரும்பி வருவே?"

எடுத்ததும் அதுதான் கேள்வி. நான்கு வருடத்தில் முதல் பேச்சு.

"மார்ச் எட்டாம் தேதி, சாயங்காலம் நாலு மணிக்கு வாசலுக்கு வந்துடுவேன்."

"நாலுன்னா நாலா, இல்ல உன்னோட நாலா?"

"அஞ்சுன்னு வெச்சுக்கோ."

"ஆறு மணிக்குள்ள உன்கிட்டேருந்து ஃபோன் வரணும். வரலேன்னா ஆறு ஒண்ணுக்கு நான் அவங்களுக்கு அடிச்சிடுவேன்." வைத்துவிட்டாள்.

அக்கா இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்ப்பவள். வராதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். திட்டாததைத்தான் தாங்க முடியவில்லை. கை கழுவும் தொட்டியருகே நின்று அழுதேன். திரும்பி வருவதற்குள் கலக்கிய பிளாஸ்டர் கிண்ணத்திலேயே இறுகிவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

அக்கா தினமும் கூப்பிடுகிறாள். ரெயின்கோட் என்ன நிறம்? கூடாரம் என்ன நிறம்? இரவு எங்கே தங்குவேன்? அம்மாவைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்று, "உன் பூட்ஸ் அச்சு வேணுமாம். தேடப் போறவங்க அதை வெச்சுத்தான் கால்தடம் பார்ப்பாங்களாம்" என்றாள்.

அச்சா? நம்மிடமா? பூட்ஸ் அடியில் வாசலின் தடவி, இறுகத் தொடங்கிய பிளாஸ்டரில் அழுத்தி, வலது இடது இரண்டும் எடுத்தேன். குதிகாலில் ஒட்டியிருந்த சின்னக் கல்கூடப் பதிந்திருக்கிறது. கீழே தேதி பொறித்துக் கூரியரில் அனுப்பினேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

"பார்சலைத் தூக்கவே முடியல, என்னடி செங்கல்லா?" என்றாள் அக்கா. வனத்துறைக்கு ஃபோன் செய்து விவரம் சொன்னாளாம். அடிப்பாகத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலே போதும் என்றாராம் அந்த ஆள். இரண்டு பேரும் சிரித்தோம். அக்கா சிரித்து எவ்வளவு நாளாயிற்று. பழைய சிரிப்புதான், கடைசியில் இருமலில் போய் முடிகிறது.

மார்ச் 6, வெள்ளி. மேட்டு முகாம்

வந்துவிட்டேன். முட்டி வலி, காலில் ஏழு அட்டை, எங்கும் பாசி வாசனை. சந்தோஷமாக இருக்கிறேன்.

மார்ச் 7, சனி. அருவிக்குக் கீழே

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மத்தியானத்திலிருந்து மழை. கூடாரத்துக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அம்மாவிடம் இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால், 'அட்டை இல்லாத காடா பாத்துப் போக மாட்டியா' என்றிருப்பாள்.

மார்ச் 8, ஞாயிறு. ஓடைக்கரை, பகல் 1 மணி

நேற்றுக் கணுக்கால், இன்று இடுப்பு. காப்பி நிறத்தில் ஓடுகிறது, அடியில் கல் உருளும் சத்தம் கேட்கிறது. தாண்டிவிட்டால் மூன்று மணி நேரத்தில் வாசல். தாண்டாவிட்டால் ஆறு ஒன்றுக்கு அக்கா ஃபோன் செய்துவிடுவாள்.

பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் இழுத்தால் பையை உதற வசதியாக. ஒரு கால் இறக்கினேன். இழுத்த இழுப்பில் மரவேரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பயந்துடுவாளே, பாவம், மறுபடியும் அவளைக் காக்க வெச்சு—

பயப்படட்டும். பயப்பட ஒருத்தி இருக்கிறாள். அதற்குத்தானே அந்தக் கட்டம்? முன்பானால் இறங்கியிருப்பேன். யாரும் தேட மாட்டார்கள் என்றால் தானேதான் வந்து சேர வேண்டும். இன்று எனக்கு அந்த வீரம் தேவைப்படவில்லை. மேட்டில் கூடாரம் போட்டேன். கரைச் சேற்றில் பூட்ஸை அழுத்தி அழுத்திப் பத்துத் தடம் பதித்தேன். ஓட்ஸ் இன்னும் இரண்டு வேளைக்கு வரும்.

மாலை 6.01

இந்நேரம் அடித்திருப்பாள். நன்றிக்கா.

மார்ச் 9, திங்கள். வனத்துறை வாசல்

காலையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. எதிர்க்கரையில் வனக்காவலர்கள் இரண்டு பேர். ஒருவர் கையில் ஃபோன், அதில் என் பிளாஸ்டர் அச்சின் படம்.

"பல் டாக்டரம்மா நீங்கதானே?"

"டாக்டர் இல்லீங்க, லேபு."

"தாண்டாம நின்னீங்களே, நல்ல வேளை" என்று கயிறு வீசினார்கள்.

வாசலில் பெஞ்சில் அக்கா. ராத்திரி பஸ் பிடித்து வந்திருக்கிறாள். மடியில் துண்டில் சுற்றிய பிளாஸ்டர். ஃபோட்டோ போதும் என்று அவர்கள் சொல்லியும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"லேட்டாயிடுச்சுக்கா" என்றேன்.

"வந்துட்டேல்ல" என்றாள். குனிந்து, என் காலில் தொங்கிய அட்டையை உப்பு போட்டு எடுத்தாள்.

ஏப்ரல் 8, புதன்

லேபுக்கு ஒரு பார்சல். செய்தித்தாளில் சுற்றிய பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி. அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"எனக்கும் ஒண்ணு எடு. செப்டம்பர்ல லீவு இருக்கு. ஒரே ஒரு ராத்திரிதான், இப்பவே சொல்லிட்டேன்."

"ரெண்டு பேரும் உள்ள போயிட்டா ஃபோன் பண்றது யாருக்கா?"

"உன் மாமாதான். இப்பவே ஆறு மணிக்கு அலாரம் வெச்சிருக்காரு. தினமும் அடிக்குது, அணைக்கத் தெரியல."

ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. அம்மாவின் செருப்பு இப்படித்தான் தேயும். முன்பல்காரர் இன்னும் ஒரு நாள் காத்திருக்கட்டும் என்று அவருடையதைத் தள்ளி வைத்துவிட்டு, பிளாஸ்டர் கலக்கினேன். இறுக நாற்பது நிமிடம் ஆகும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.